டாக்டரம்மா படியேறிட்டாங்க

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த நர்சிங் ஹோம். பிரசவ அறை, படுக்கை அறைகள், ஒரு நடை, நடையில் உறவுக்காரர்கள் உட்கார ஒரு மரப்பெஞ்சு, பின்பக்கம் நர்ஸ் குடியிருக்க ஒரு பொந்து. வாசல் போர்டில் டாக்டரம்மாவின் பெயர் பட்டங்களோடு பளபளத்தது. பிள்ளைகளை வெளியே எடுத்ததென்னவோ பெரிய சிஸ்டர்தான். டாக்டரம்மா வந்து சேரும்போது பாதி நாள் குழந்தை துணியில் சுருண்டு அழுதுகொண்டிருக்கும். அதை வாங்கிக்கொண்டு நடைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு நல்ல சேதி சொல்வதோடு அந்த அம்மாள் வேலை முடிந்தது. அந்தக் காலத்துச் சின்ன நர்சிங் ஹோம்கள் முக்கால்வாசி இந்த லட்சணத்தில்தான் ஓடின.

புருஷன் விட்டுவிட்டுப் போனபின், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு, கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தவள் பெரிய சிஸ்டர். டாக்டரம்மா பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்து சிஸ்டர் ஆக்கினார். ஆபரேஷன் என்று வந்தால் மட்டும் டாக்டரம்மா கை வேண்டும்.

வலி முற்றினால் எல்லாப் பெண்களும் கேட்பது ஒன்றுதான், டாக்டர் எங்கே என்று. அதற்குப் பெரிய சிஸ்டர் ஒரு பதில் வைத்திருந்தாள்.

"டாக்டரம்மா படியேறிட்டாங்கம்மா. இதோ வந்துட்டாங்க."

டாக்டரம்மா அப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பெண்களுக்குத் தெம்பு வந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு முக்குவார்கள். வெளியே பெஞ்சில் இருப்பவர்களும் 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாமா' என்று குசுகுசுப்பதை நிறுத்திவிடுவார்கள். இந்த இரண்டாவது பலனைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை. முக்கால்வாசி எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் பொய் சொல்கிறோம் என்ற உறுத்தலே போய்விட்டது. புதிதாக வந்த சின்ன சிஸ்டருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள்.

மகள் அந்தப் பொந்தில்தான் வளர்ந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் அலறல், இந்தப்பக்கம் வீட்டுப்பாடம். பொம்மையைப் படுக்கவைத்து, அதன் தலையைத் தடவி, "படியேறிட்டாங்கம்மா, படியேறிட்டாங்க" என்று விளையாடுவாள். டாக்டரம்மா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

அந்த மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை பெரிய ஆஸ்பத்திரி என்றார். பெரிய சிஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊரான் பிள்ளையெல்லாம் என் கையில பொறந்திருக்கு. என் பேரப்பிள்ளை வேற எடத்துல பொறக்கணுமா?"

டாக்டரம்மாவும், "உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி. நானே பாக்கறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

சொந்தக்காரர்கள் யாரும் பிரசவ அறைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டதே பெரிய சிஸ்டர்தான். பெற்றவளுக்குக் கை நடுங்கும் என்பாள். மகளைச் சின்ன சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே நர்ஸ் போய்விட்டாள், அம்மாதான் மிச்சம்.

மத்தியானம் சாய்ந்தபின் சின்ன சிஸ்டர் வெளியே ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. பனிக்குடத் தண்ணீர் பச்சையாகப் போகிறதாம், குழந்தையின் துடிப்பு இறங்குகிறதாம். ஆபரேஷன்தான்.

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினியாடி?"

"பண்ணிட்டேன்க்கா. டாக்டரம்மா படியேறிட்டாங்க."

கேளுங்கள் இந்தக் கொடுமையை. அந்தப் பொய்யைப் பெற்று வளர்த்தவள் அதைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா" என்றாள். எழுந்துபோய்ப் படிக்கட்டைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

"அம்மா! பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா!"

மாப்பிள்ளை ஆட்டோ பிடிக்க எழுந்தார். பெரிய சிஸ்டர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கதவோரம் வாயை வைத்துச் சொன்னாள்.

"பொறுத்துக்கோடி தங்கம். டாக்டரம்மா படியேறிட்டாங்க. இதோ வந்துட்டாங்க."

உள்ளே சத்தம் நின்றுவிட்டது. பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தாள்.

டாக்டரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். போனை எடுத்த வேலைக்காரம்மா அவரை எழுப்பவே இல்லை. பெரிய சிஸ்டர் கூப்பிட்டால் மட்டும் எழுப்பு என்பது அந்த வீட்டு வழக்கம், அன்று கூப்பிட்டது சின்னவள். டாக்டரம்மா நிஜமாகவே படியேறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை. அழவில்லை. துணியில் சுற்றி வெளியே கொண்டுவர அன்று டாக்டரம்மா கை நீட்டவில்லை.

"நீ இருக்கேன்னுதான் நிம்மதியா இருந்தேன்" என்றார் பெரிய சிஸ்டரிடம், குற்றம் சாட்டுகிற குரலில்.

சின்ன சிஸ்டரைத் திட்ட வாய் வரவில்லை. கற்றுக்கொடுத்ததைத்தானே அந்தப் பெண் சொன்னாள்.

மறுநாள் மகளுக்குக் கஞ்சி எடுத்துப் போனாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சின்ன சிஸ்டர் படியேறிட்டாங்கன்னு சொன்னப்போ எனக்குப் பயமில்ல. வெளியில அம்மா இருக்கா, தூக்கிட்டு ஓடிருவான்னு நெனச்சேன். அப்புறம் உன் குரல் கேட்டுச்சு. என்கிட்டயுமாம்மா?"

"இல்லடி. சத்தியமா இல்ல. நான் நெசமாவே நம்பினேன்."

மகள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள்.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மகள் இடத்தில் பெரிய சிஸ்டர் படுத்திருந்தால் அவளும் நம்பியிருக்கமாட்டாள்.