புதன்கிழமைக்கு ஒரு பதில் ஆள்

டெல்லி ஜனக்புரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் வாசுதேவன், பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் அவர் பெயரில் ஒரு மெமோ கிடையாது. இதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் காஸ் குமிழை மூடிவிட்டு, மூடியிருக்கிறதா என்று நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போய்ப் பார்க்க ஆரம்பித்தபோது மனைவி சாவித்திரி முதலில் சிரித்தார். ஒருநாள் கல்யாணத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் மெட்ரோவிலிருந்து இறங்கி, வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார் மனிதர். அன்றோடு சாவித்திரி சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

குர்காவ்னில் வேலை பார்க்கும் மகள் அபூர்வாதான் வழி சொன்னாள்.

"அப்பா, மாத்திரை குடுத்தா நீ சாப்பிட மாட்டே. உனக்குப் பேசணும். படுத்துண்டு பேசற ட்ரீட்மென்ட் ஒண்ணு இருக்கு. எதிராளி மூஞ்சி தெரியாது. மனசுல வரதை அப்படியே சொல்லலாம்."

"மூஞ்சி தெரியலேன்னா பொய் சொல்றது சுலபமாச்சே?" என்றார் வாசுதேவன். கடன் கேட்டு வந்தவர்களின் முகத்தை ஆயுள் முழுக்கப் பார்த்தவர், அனுபவம் பேசியது.

ஆனாலும் தயாரிப்பு இல்லாமல் எங்கேயும் போகிறவர் அல்ல. அபூர்வா கல்லூரியில் படித்த மனவியல் புத்தகம் பரண்மேல் கிடந்தது. இறக்கித் தூசி தட்டி, பென்சிலும் கையுமாக நான்கு நாள் படித்தார். மனிதன் மனதுக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. சாவித்திரிக்கு அவர் அதைத் தம் பாஷையில் விளக்கினார்.

"இட்னு ஒருத்தன். கவுன்டர்ல வந்து நின்னுண்டு இப்பவே குடு, இப்பவே குடுன்னு கத்தற கஸ்டமர். சூப்பர் ஈகோன்னு ஒருத்தன். சொல்லாம கொள்ளாம வந்து எல்லா ரெஜிஸ்தரையும் பொரட்டற இன்ஸ்பெக்ஷன் ஆபீசர். நடுவுல ஈகோ. பாவம், ப்ராஞ்ச் மேனேஜர். ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்து சமாளிக்கணும்."

"உங்க ப்ராஞ்ச்ல இப்போ யார் கை ஓங்கியிருக்கு?" என்றார் சாவித்திரி.

"இன்ஸ்பெக்ஷன்தான். போகவே மாட்டேங்கறான்."

இதைவிடச் சுருக்கமாகக் குற்ற உணர்வை விளக்க அந்தப் புத்தகத்தாலும் முடியவில்லை.

புதன்கிழமை தோறும் பதினொரு மணிக்கு என்று நேரம் குறிக்கப்பட்டது. இடம் ஹௌஸ் காஸ் பக்கம், ட்ரை க்ளீனிங் கடைக்கு மேல் ஒரு அறை. ஜனக்புரித் தமிழர்கள் யாரும் தற்செயலாகப் படியேறி வர வாய்ப்பில்லாத இடம். மெட்ரோவில் அகப்பட்ட தெரிந்தவர்கள் இரண்டு பேரிடமும் "முதுகுக்கு" என்று சொல்லிவைத்தார். போய்ப் படுத்துக்கொள்வது உண்மைதானே.

மனப்பகுப்பாய்வு செய்யும் மேகலாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். டெல்லியில் பிறந்தவர், பெற்றோர் திருநெல்வேலி. வாசுதேவன் உள்ளே போனதும், மண்டல மேலாளரின் அறைக்குள் போனது மாதிரி நின்றார். உட்காரச் சொல்லும் வரை உட்காரவில்லை. படுக்கச் சொன்னதும் தலையெண்ணெய் ஒட்டாமல் இருக்க, கைக்குட்டையைத் தலையணைமேல் விரித்துவிட்டுப் படுத்தார். மேகலாவின் நாற்காலி அவர் தலைக்குப் பின்னால் இருந்தது.

"மனசுல என்ன வருதோ சொல்லுங்க சார். சின்ன விஷயம், அசிங்கமான விஷயம், சம்பந்தமில்லாததுன்னு எதையும் தள்ளிடாதீங்க. இங்க அது ஒண்ணுதான் ரூல்."

இன்னொரு ரூலும் இருந்தது. வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஐம்பது நிமிஷம் அவருடையது, கட்டணமும் அவருடையது.

முதல் ஆறு வாரம் வாசுதேவன் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசினார். மேகலா கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க மனது செய்யும் இந்தச் சுற்றுவேலைக்கு எதிர்ப்பு என்று பெயர் என்பதை வாசுதேவன் படித்திருந்தார், பென்சிலால் கோடும் போட்டிருந்தார். அது மற்றவர்களைப் பற்றியது என்று நினைத்திருந்தார்.

ஏழாவது வாரம், டெபாசிட் வட்டிக்கு நடுவில், எங்கிருந்தோ ஒரு பழைய டெலிபோன் நினைவில் வந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஜூன் மாதம். சாவித்திரி கணிதத்தில் பட்டமும் பி.எட்.டும் வாங்கியவர். மேற்கு டெல்லியில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்து, மாதிரி வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் காய்கறி வாங்கப் போயிருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. வாசுதேவன் எடுத்தார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

"'அவங்களுக்கு இப்போ சௌகரியப்படாது'ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்" என்றார் வாசுதேவன், கூரையைப் பார்த்தபடி. "அவ வந்து 'போன் வந்ததா'ன்னா. 'இல்லையே'ன்னுட்டேன். அவ்வளவுதான் மேடம். வேற விஷயத்துக்கு வருவோம்."

வேறு விஷயம் எதுவும் வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு அந்த வாரம் ஒரு காரணம் இருந்தது: அபூர்வாவுக்கு ஐந்து வயது, யார் பார்த்துக்கொள்வது? அடுத்த வாரம் இன்னொன்று: அந்தக் காலத்து டெல்லி பஸ்ஸில் ஒரு பெண் தினமும் போய் வர முடியுமா? இரண்டும் நல்ல காரணங்கள். உண்மையான காரணத்தை உள்ளே வைத்து நல்ல காரணங்களால் சுவர் எழுப்புவதற்கும் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. மூன்றாவது வாரம் அவர் பன்னிரண்டு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. மேகலாவும் திறக்கவில்லை. கீழே இஸ்திரிப் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த வாரம்தான் ப்ரமோஷன் லிஸ்ட் வந்தது" என்றார் கடைசியில். "என் பேர் இல்ல. வீட்ல இன்னும் சொல்லல."

"ரெண்டு பேருமே பரீட்சை எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அவங்க பாஸ்."

வாசுதேவன் எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு அடுத்த லிஸ்ட்லயே வந்துடுத்து மேடம். ரெக்கார்ட்ல இருக்கு."

"அச்சா" என்றார் மேகலா. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்ல நீங்க திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறது காஸ்தானா சார்?" என்று கேட்டார்.

அடுத்த புதன்கிழமை வாசுதேவன் இருபது நிமிஷம் தாமதமாக வந்தார். மெட்ரோவில் கோளாறு என்றார். அதற்கடுத்த வாரம் நேராகவே கேட்டுவிட்டார்: "மேடம், அவகிட்ட சொல்லணுமா, வேண்டாமா? ஒரே வரில சொல்லிடுங்க. அப்படியே செஞ்சுடறேன்."

"நான் சொன்னா அது என் ஆர்டர் ஆயிடும் சார். எத்தனை வருஷமா மேலிடத்து ஆர்டருக்குக் காத்திட்டு இருக்கீங்க?"

இதற்கா இத்தனை தூரம் வந்து போகிறேன் என்று மெஜந்தா லைன் மெட்ரோவில் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை காலை வாசுதேவனுக்கு நூற்றியோரு டிகிரி ஜுரம். போக முடியாது. போகாவிட்டாலும் நேரம் அவருடையதுதான். பதிவு செய்த பெர்த்தைக் காலியாகப் போக விடுகிற குடும்பமா அது? ஒருமுறை மயூர் விஹாரில் பல் டாக்டரிடம் வாங்கிய நேரத்துக்கு, அபூர்வா வர முடியாமல் போனதால் இவரே போய், வலிக்காத பல்லைக் காட்டிவிட்டு வந்தவர்.

"சாவித்திரி, எனக்குப் பதிலா நீ போயிட்டு வந்துடேன்."

"நான் போய் என்னத்தைச் சொல்றது?"

"முழங்கால் வலியைச் சொல்லு. எதை வேணா சொல்லலாம். அதுதான் ரூல்."

சாவித்திரிக்கும் உள்ளூர ஆசை இருந்திருக்க வேண்டும். நீலக்கரைப் புடவை கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு, "கஞ்சி மூடி வச்சிருக்கேன், ஜல்தி குடிச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவு மூடியது. வாசுதேவன் போர்வையை இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் உறைத்தது.

வங்கியில் கட்டாய விடுப்பு என்று ஒன்று உண்டு. பொறுப்பான சீட்டில் இருப்பவரை வருடத்தில் சில நாள் வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் வேறொருவரை உட்கார வைப்பார்கள். ஆள் நேர்மையா என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. மூடி மறைத்ததெல்லாம் சீட்டு மாறினால்தான் வெளியே வரும். இந்த விதியை எத்தனையோ பேர்மேல் அமல்படுத்தியவர், தன் சீட்டில் தன் மனைவியையே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார். அதுவும் எந்தச் சீட்டில்!

சாவித்திரிக்குப் போன் போட்டார். சமையலறையில் மணியடித்தது. வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேகலாவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. ஆட்டோ பிடித்து ஓடலாமா என்று எழுந்தார், வாசல்வரைகூடப் போக ஜுரம் விடவில்லை. மறுபடி படுத்தபோது புத்தகத்தில் அவர் பென்சிலால் கோடு போட்ட இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. மறதியும் கைத்தவறும் வெறும் தவறல்ல. வாய் சொல்லத் துணியாததை உள்ளே இருப்பவன் வேறு வழியில் நடத்திக்கொள்கிறான் என்று அதில் இருந்தது. பெர்த் காலியாகப் போகக் கூடாது என்பதும் ஒரு நல்ல காரணம்தான். அவருடைய நல்ல காரணங்களின் வரலாறு அவருக்குத் தெரியும். பிடிபட வேண்டும் என்றுதான் அனுப்பினேனா?

கஞ்சி ஆறிப்போனது.

சாவித்திரி ஒன்றரை மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தார்.

"உள்ளேயே விடலை. 'இது சாரோட நேரம். உங்களுக்கும் பேசணும்னா வேற நல்ல ஒருத்தர் பேர் தரேன்'னா. மரியாதையான பொண்ணு. ஜில்லுனு தண்ணி குடுத்தா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"'எங்காத்துக்காரர் இங்க வந்து என்னதான் சொல்றார்'னு கேட்டேன். 'அதை அவர்கிட்டதான் கேக்கணும் ஆன்ட்டி'ன்னுட்டா." சாவித்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "என்ன சொல்றேள் அங்க?"

தப்பித்தாகிவிட்டது. ரெஜிஸ்தர் பத்திரமாக மூடித்தான் இருந்தது. வட்டி விகிதம் என்று சொல்லியிருக்கலாம், சாவித்திரி நம்பியும் இருப்பார். வாசுதேவன் வாயைத் திறந்தார். வந்தது வட்டி விகிதம் அல்ல. சனிக்கிழமை, காய்கறி, போன், பதில், ப்ரமோஷன் லிஸ்ட் எல்லாவற்றையும் சொன்னார். நல்ல காரணங்களைச் சேர்க்கவில்லை. ஜுரத்தில் பிதற்றுகிறாரோ என்று சாவித்திரி அவர் நெற்றியில் வைக்க நீட்டிய கை, பாதியில் திரும்பிப் போனது.

"மறுபடி சொல்லுங்கோ."

சொன்னார்.

"அவா சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கோ."

"'மாதிரி வகுப்பு ரொம்ப நன்னா இருந்தது. திங்கட்கிழமையே சேரச் சொல்லுங்கோ.'"

சாவித்திரி ஆறிப்போன கஞ்சியைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார்.

"கடைசிக் கணக்குல போர்டுல ஒரு மைனஸை விட்டுட்டேன்" என்றார் பிறகு. "அதனாலதான் எடுக்கலேன்னு நெனச்சேன். சமைக்கறச்சே, குளிக்கறச்சே, எப்பவும் அந்த மைனஸ். அபூர்வா அஞ்சாங்கிளாஸ் வந்தப்போ நான் சொல்லிக்குடுத்தா தப்பாயிடும்னு டியூஷனுக்கு அனுப்பினேன். நான் எம்.எஸ்ஸி. சேர இருந்தவ. அடுத்த தெருவுல பி.காம். படிச்சவன்கிட்ட அனுப்பினேன்."

இது வாசுதேவனுக்குத் தெரியாது. ஒரு போனைத்தான் மறைத்ததாக அவர் இத்தனை நாள் எண்ணியிருந்தார். தன்னுடைய இன்ஸ்பெக்ஷன் ஆபீசரைச் சாவித்திரியின் மனதுக்குள் அனுப்பிவிட்டு, இவர் நிம்மதியாக அடுத்த லிஸ்டில் ப்ரமோஷன் வாங்கியிருக்கிறார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லப் பார்த்தார். அது மெமோவுக்குப் பதில் எழுதுவது போல இருந்ததால் பாதியில் விட்டார்.

சாவித்திரி காலண்டரிலிருந்து ஜூலை மாதத்தைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினார். எட்டுப் பெயர்கள்.

"இவாகிட்டல்லாம் நான் ஃபெயில்னு என் வாயால சொல்லியிருக்கேன். நீங்க போன் பண்ணி, இல்லேன்னு சொல்லுங்கோ. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"ஜுரம் விடட்டும்..."

"முப்பத்தோரு வருஷமா விடட்டும்னுதானே இருந்தேள்?"

முதல் பெயர் அபூர்வா. மகள் முழுதும் கேட்டாள். "மேத்ஸ் டியூஷன் சார் ஸ்கேலால முட்டில அடிப்பார்ப்பா" என்றாள் அப்புறம். "அம்மா பக்கத்துல இருக்காளா? சாயங்காலம் நான் வரேன். உனக்காக இல்ல."

இரண்டாவது, திருச்சியில் இருக்கும் சாவித்திரியின் அண்ணா ஜகந்நாதன். வயது எண்பத்திரண்டு, காது மந்தம். வாசுதேவன் கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தார்.

"சத்தமா" என்றார் சாவித்திரி.

"சாவித்திரி அன்னிக்கு பாஸ்!"

"யாரு காஸ்?" என்றது திருச்சி.

"பாஸ்! ஸ்கூல் வேலை! நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்! அவகிட்ட மறைச்சுட்டேன்!"

எதிர் ஃபிளாட் சாவ்லாவின் மனைவி பால்கனிக்கு வந்து, "அங்கிள்ஜி, சப் டீக் ஹை?" என்று எல்லாம் சரிதானா என விசாரித்தார். "டீக் ஹை" என்று பால்கனிப் பக்கமும், ஏன் என்று கேட்ட போனுக்கு "பொறாமைல!" என்றும் கத்த வேண்டியதாயிற்று.

ஜகந்நாதனுக்கு விஷயம் போய்ச் சேர நாலு நிமிஷம் ஆனது. சேர்ந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்போ நான் அவளைத் திட்டி லெட்டர் எழுதினேனே, வாசு. உனக்குக் கவனமே போறாது, இனிமே இந்த வேலைக்கெல்லாம் அலையாதேன்னு. அந்த லெட்டரை அவ கிழிச்சுப் போட்டிருப்பாளோன்னோ? கேளேன்."

வாசுதேவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"இருக்குன்னு சொல்லுங்கோ" என்றார் சாவித்திரி, மூன்றாவது பெயரில் விரலை வைத்தபடி. "சத்தமா."

"இருக்காம்!" என்று கத்தினார் வாசுதேவன்.