சொறி என்று சொன்ன வாய்

ராஜவேலுவுக்கு நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கத்தி பிடித்தது பதினாறு வயதில். திருத்தணி மலையடிவாரத்தில் சந்திரமோகனுக்குச் சொந்தமான மொட்டை அடிக்கும் மண்டபத்தில், குழாயடிக்குப் பக்கத்து இடம் முப்பது வருஷமாக அவனுடையது. எத்தனை தலை பார்த்திருப்பான்! படை எது, பொடுகு எது, பேன் கடித்த புண் எது என்று ஈரக்கையால் தடவியே சொல்லிவிடுவான்.

அந்தக் குழாயடிக்குத் தினமும் ஒரு பெட்டைக் குரங்கு வரும். வயசான உயிர். முகத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். முதுகில் முடி கொட்டி, தெரிகிற தோலெல்லாம் பழுப்புப் புள்ளி. பல்லும் போய்விட்டதால் வாழைப்பழத்தைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். நக்கித் தின்னும்.

ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்பு, குழந்தைக்கு மொட்டை போட வந்த ஒருத்தி கத்தினாள்.

"ஏம்பா, சொறி புடிச்ச கொரங்க பக்கத்துல வெச்சிகினு எம்புள்ள தலையில கை வெப்பியா?"

வரிசையில் நின்ற ஆறு பேரும் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்கள். சந்திரமோகன் வந்தார்.

"இன்னாடா ராஜவேலு, உன் சம்பந்தி என் யாவாரத்தையே கெடுக்குது? தோல் பாக்கறவன் நீயே சொல்லு. சொறியா?"

சொறி இல்லை. சொறி பிடித்தது சும்மா உட்காராது, சொறிந்துகொண்டே கிடக்கும். இது சொறிந்து அவன் பார்த்ததே இல்லை. எல்லாம் வயசுத் தோல். ஆனால் வயசுக்கு ஏது மருந்து? அப்படிச் சொன்னால் குரங்கையும் விரட்டி, தன்னையும் இடத்தைவிட்டு எழுப்பிவிடுவார் என்று பயந்தான். சொறி என்றால் மாட்டு டாக்டர் வருவார், ஒரு ஊசி போடுவார், விஷயம் அத்தோடு போகும்.

"ஆங், சொறி மாதிரிதான் கீதுங்க."

மறுநாள் டாக்டர் வரவில்லை. குரங்கு பிடிக்கிற பக்தவச்சலம் கூண்டோடு வந்தான். உள்ளே வைத்த பழத்துக்கு அது மசியவில்லை. கூண்டுக் கம்பி வழியாக ராஜவேலுவையே கை நீட்டச் சொன்னார்கள். நீட்டினான். அது கூண்டுக்குள் போனது. கதவு விழுந்தபின் பக்தவச்சலம் குனிந்து பார்த்தான்.

"யோவ், இது சொறி இல்லய்யா. கெழடு தட்டினா தோல் இப்பிடித்தான் ஆவும்."

"அப்ப உட்ருய்யா."

"வண்டி பேசியாச்சி. ஆந்திரா பக்கம் காட்டுல உட்டுட்டு வரணும்."

"பல்லு இல்லய்யா அதுக்கு. காட்டுல இன்னாத்த துன்னும்?"

"அத்த நேத்து யோசிச்சிருக்கணும்."

வண்டி நகரி ரோட்டில் போய்விட்டது.

அன்று சாயங்காலமே சந்திரமோகன் கூப்பிட்டார்.

"சொறின்னு சொன்னவனும் நீதான், அதுக்குக் கையால ஊட்டிகினு இருந்தவனும் நீதான். மண்டபமே பேசுது. நாளையிலேந்து கத்தியத் தொடாத."

"ஐயோ, அது வெறும் வயசுங்க. நான் பொய் சொல்ட்டேங்க."

"பொழப்பு போவுதுன்னதும் பேச்ச மாத்துறியா?"

ராஜவேலு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு தடிப்பு இல்லை, ஒரு புண் இல்லை. சந்திரமோகன் பார்க்கவே இல்லை. ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

கிருத்திகைக் கூட்டம் காவடியோடு மலையேறியபோது குழாயடியில் வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான். ராஜவேலு பக்கத்து ஊரான கனகம்மாசத்திரத்தில் வேலை கேட்டுச் சலூன் சலூனாக ஏறி இறங்கினான். சேதி அவனுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது.