முடி காய்ந்த காற்று

சீப்பக்காவிடம் சீப்பே கிடையாது. யார் கையில் சீப்பைப் பார்த்தாலும் பிடுங்கி வைத்துக்கொள்வாள் என்பதால்தான் ஸ்டூடியோவில் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் நடிப்பவர்களுக்குத் தலை அலங்காரம் செய்வது அவள் வேலை. நேரான முடிக்காரர்கள் எப்படி வேண்டுமானாலும் வாரிக்கொள்ளட்டும், அவளுக்கு ஆட்சேபணை இல்லை. காய்ந்த சுருள்முடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு வந்தால் மட்டும், பிள்ளை பிடிக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். இத்தனைக்கும் அவளுடைய சொந்த முடி விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நேராக இருக்கும்.

"என் முடிய மழையும் மாத்தாது, வெயிலும் மாத்தாது. மாறுறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்பாள்.

அவள் கணவருக்கும் அதே ஸ்டூடியோவில்தான் வேலை. குளிர்சாதன இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். எல்லாருக்கும் அவர் கூலிங் அண்ணன். ஏசி ஓடினால் அதன் இரைச்சல் ஒலிப்பதிவில் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அதை அணைக்க வேண்டும், ஷாட் முடிந்ததும் மறுபடி போட வேண்டும். நீதிமன்ற அரங்கின் பலகைச் சுவருக்குப் பின்னால், ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பலகையில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தது. சைகைக்காக அதன் வழியாகப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வார். பாதி நேரம் பார்ப்பது மனைவியைத்தான். கல்யாணமாகி மகள் கல்லூரிக்குப் போகிற வயதிலும், அந்தப் பத்து விரல்கள் ஒரு தலைக்குள் நுழைந்து ஒரு சுருளைக்கூடக் கலைக்காமல் வெளியே வருவதைப் பார்க்க அவருக்கு அலுக்கவில்லை.

முடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடும்போது அவள் சொல்லிக் கேட்டதுதான். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவள் முதலில் போன வேலை ஒரு அழகு நிலையத்தில் தரை கூட்டுவது. அங்கேதான் முடியின் சங்கதி அவளுக்குப் பிடிபட்டது. சுருள்முடியை நனைத்து வெட்டினால் கீழே விழும்போது அது நூல் மாதிரி நீளமாகக் கிடக்கும். உடனே கூட்டாமல் கொஞ்ச நேரம் விட்டால், ஈரம் போகப் போகத் தரையிலேயே மெல்ல வளைந்து சுருண்டுகொள்ளும். வெட்டிப்போட்ட முடிக்கே இவ்வளவு குணம் இருந்தால் தலையில் இருக்கும் முடிக்கு எவ்வளவு இருக்கும் என்று துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்ததற்காக முதலாளியம்மாவிடம் திட்டு வாங்கினாள். ஆனாலும் மறுநாளும் நின்று பார்த்தாள்.

ஒரு முடிக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பிடிப்புகள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவற்றில் பல கையை விட்டுவிடும். காயும்போது மறுபடி கோத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே கோத்துக்கொள்ளும். நேரான முடி விட்டாலும் நேர், பிடித்தாலும் நேர், வெளியே ஒன்றும் தெரியாது. சுருள்முடியோ நூறு இடத்தில் வளைகிறது. ஒரு வளைவு கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாலும் மொத்தச் சுருளும் வேறாகிவிடும். அதோடு அதன் மேல்தோல் வளைகிற இடங்களில் லேசாகத் தூக்கிக்கொண்டிருப்பதால் உள்ளே போக ஈரத்துக்கு வழி சுலபம். அதற்குக் குளிக்கக்கூட வேண்டாம், புழுக்கமே போதும். இதைச் சீப்பக்கா இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்.

"தண்ணி பட்டா முடி எல்லாத்தையும் மறந்துடும். காயும்போது எப்படி இருக்கோ, அதான் தன்னோட பிறப்புன்னு நம்பிக்கும்."

அப்போது எடுத்துக்கொண்டிருந்த தொடரின் நாயகிக்கு இயற்கையிலேயே அப்படி ஒரு முடி. தோள்வரை அடர்த்தியாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் சுருள்கள். முந்தைய தொடரில் தினமும் சூட்டுக்கோல் வைத்து நேராக்கியதில் நெற்றியோரம் முடி பொசுங்கி உதிர்ந்து, அது வளர்ந்து வருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவள் அதைத்தான் சொன்னாள். சீப்பக்கா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, "நான் இருக்கற வரைக்கும் இந்தத் தலையில சூடு படாது பாப்பா" என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்குக்குத்தான் இப்போது ஆபத்து.

கதையில் நாயகி சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்கிற காட்சி. நீதிமன்ற அரங்கு கட்டி முடித்த கையோடு முதல் பாதியை எடுத்துவிட்டார்கள். அதற்குள் வக்கீலாக நடித்தவர் காய்ச்சலில் படுத்துவிட, மீதியை ஒத்திப்போட வேண்டியதாயிற்று. அவர் தேறி வந்து தொடர்ந்தபோது முடி ஒட்டவில்லை. கூண்டில் நிற்பவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கிறாள், முடி சுருள் சுருளாக நிற்கிறது. வாக்கியத்தை முடிக்கிறாள், அதே முடி தொங்கிப்போய்க் கிடக்கிறது. அடுத்த கோணத்தில் பஞ்சு மாதிரி பறக்கிறது.

சீப்பக்கா முதலில் தண்ணீரைச் சந்தேகித்தாள். தொட்டித் தண்ணீரை விட்டுவிட்டு வீட்டிலிருந்து கேன்களில் கொண்டுவந்தாள், கூலிங்தான் சுமந்தார். பிறகு ஷாம்புவை மாற்றினாள். பிறகு நாயகியின் தலையணை உறையின் மேல் பழி விழுந்தது. ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாய், எந்தப் பக்கம் மின்விசிறி என்று போலீஸ் விசாரணை மாதிரி கேட்டதில் அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். ஒன்றும் நடக்காதபோது கிரீமைக் கூட்டினாள். கூட்டக் கூட்ட முடி கனத்துப்போய் நனைந்த சாக்காகத் தொங்கியது. வீட்டில் அவள் வாய் ஓய்ந்துபோனது. கூலிங்குக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் டைரக்டர் மானிட்டருக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டார். தலையில் பேருக்கு நாலு முடி வைத்திருந்த மனிதர். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் திருப்பிக் கத்தியிருப்பாள்.

"சாட்சி சொல்ல வந்தவ ஒருத்தி. சொல்லிட்டு இருக்கறவ இன்னொருத்தி. சொல்லி முடிச்சு இறங்கறவ வேற யாரோ. நான் என்னம்மா செய்ய?"

அன்று மாலைவரை பார்ப்பாராம். ஒட்டாவிட்டால் மறுநாள் காலை ரசாயனம் போட்டு நேராக்குகிற ஆள் வருவார், நேரான முடியோடு முதல் பாதியையும் மறுபடி எடுத்துவிடலாம், அதற்கப்புறம் தொல்லையே இருக்காது என்றார். நாயகி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புதிதாக மேலே வருகிற பெண், டைரக்டரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் கை மட்டும் நெற்றியோர முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. இடுக்கு வழியாகக் கூலிங் அதைப் பார்த்தார். மனைவி திரும்பிப் போனதையும் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், கடைசி முயற்சியாகச் சீப்பக்கா பூசிய கிரீமையெல்லாம் அலசி எடுத்தாள். மேக்கப் அறையில் வக்கீலுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், இடமில்லை. ஈரத் தலையோடு நாயகி அரங்குக்கே வந்து கூண்டின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்ட களைப்பில் அப்படியே மரச்சட்டத்தில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். நீதிமன்றப் பார்வையாளர்களாக நடிக்க வந்த கூட்டமும் பெஞ்சுகளில் உட்கார்ந்து அங்கேயே சாப்பிட்டது.

கூலிங் சாப்பிடப் போனவர் மனைவியின் வாடிய முகத்தையே நினைத்துக்கொண்டு போனார். கடைசி ஷாட்டுக்காக அணைத்த ஏசியைத் திரும்பப் போட மறந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இப்படி மறந்ததே இல்லை.

அவர் திரும்பி வந்தபோது, அரங்கில் இட்லிச் சட்டி மாதிரி ஆவி பறக்கிறது என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். "மிஷினப் போடச் சொன்னா எங்கள வேக வெச்சுட்டுப் போயிட்டீங்களே அண்ணே" என்றார் மேக்கப்காரர். கூலிங் பதறிப்போய் ஸ்விட்ச் பெட்டிக்கு ஓடினார்.

"அதுல கை வைக்காதீங்க."

சீப்பக்காவின் குரல். அவள் கூண்டுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். கையில் உதவி இயக்குநரின் போன். முதல் பாதி எடுத்த அன்று பிடித்த படம் அதில் இருந்தது. படத்தையும் தூங்குகிறவளின் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். வலது நெற்றிப்பொட்டில் தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கும் சுருள் அப்படியே நின்றது. காதுக்குப் பின்னால் இரண்டு சேர்ந்து ஒன்றான தடித்த சுருளும் இருந்தது. யாரும் தொடாமல், தானாகக் காய்ந்த முடி.

அவள் எழுந்து கணவரிடம் வந்தாள்.

"முதல் பாதி எடுத்தப்போ உங்க மிஷின் எங்க இருந்துச்சு?"

"குழாயே இந்த ஹாலுக்கும் மேக்கப் ரூமுக்கும் வரலையே அப்போ. நான் அந்த வாரம் பூரா குழாய் பதிச்சுக்கிட்டு கூரையிலதான இருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அவர் குழாய் போட்டுக் காற்று விட்ட அன்று எல்லாரும் கைதட்டினார்கள். முகத்தில் பவுடர் நிற்கிறது என்று மேக்கப்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார். அன்றிலிருந்துதான் மனைவியின் தலைவலி ஆரம்பித்தது. மேக்கப் அறையின் வறண்ட குளிரில் காய்ந்த முடி, ஏசி அணைந்ததும் விளக்குச் சூட்டிலும் கூட்டத்தின் மூச்சிலும் ஈரத்தைக் குடித்து உப்பியது. மறுபடி குளிர் வந்ததும் தொங்கியது. ஒரே காட்சிக்குள் இப்படிப் பல முறை.

"போட்டோவுல எல்லாம் விழுந்துச்சு, காத்து மட்டும் விழல" என்றாள் அவள். "இத்தன நாளா தண்ணியத் திட்டினேன். பாவம் தண்ணி. திட்ட வேண்டிய ஆளு வீட்டுக்குள்ளயே இருந்திருக்காரு."

கூலிங் தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றார். அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரிப்பேர்னா ஆள் கூட்டிட்டு வந்து ஒரு மணி நேரத்துல சரி பண்ணச் சொல்லுவாங்க. எனக்கு இந்தக் காட்சி முடியற வரைக்கும் வேணும். கேட்டே வாங்கறேன்."

எல்லார் முன்னாலும்தான் கேட்டாள். தான் தப்பான இடத்தில் தேடியதை முதலில் சொன்னாள். பிறகு காரணத்தைச் சொன்னாள். முடியை இந்த அரங்கிலேயே நனைத்து, இந்தப் புழுக்கத்திலேயே காய வைக்க வேண்டும், காட்சி முடிகிறவரை ஏசி ஓடக் கூடாது. பெஞ்சுகளில் ஒரு முனகல் எழுந்தது.

டைரக்டர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தலைக்காக இத்தன பேரும் வேகணுங்கற."

"வேர்வைய இன்னிக்கே துடைச்சுக்கலாம் சார். அந்த முடி ஒரு தடவ போச்சுன்னா திரும்பி வர்றதுக்கு வருஷக்கணக்காகும். அப்புறம், முதல் பாதிய திரும்ப எடுத்தாலும் இதே ஆளுங்கதான் இதே பெஞ்சுல வந்து உக்காரணும்."

டைரக்டர் பெஞ்சுகளைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும்னு சொன்னேன். அது அப்படியேதான் இருக்கு" என்றார்.

தூங்கி எழுந்ததில் ஒரு பக்கம் நசுங்கியிருந்ததால் சீப்பக்கா முடியை மறுபடி நனைத்தாள். விரல்களால் பிரித்துவிட்டாள். அப்புறம் அவள் செய்தது ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாயகிக்குப் பக்கத்தில் காவல் நின்றாள். விசிறியைத் திருப்ப வந்தவனை முறைத்தே அனுப்பினாள். இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கூலிங்குக்கு அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. அந்த விரல்களின் கெட்டிக்காரத்தனத்தில் பாதி, எப்போது தொடக் கூடாது என்பதில் இருந்தது.

ஷாட் ஆரம்பித்தது. வக்கீலின் மீசை ஒரு ஓரம் கழன்றது. நீதிபதியின் கன்னத்தில் பவுடர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. மேக்கப்காரர் கூலிங்கைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். சீப்பக்கா ஒரு கட்டுக் காகிதத் துண்டை எடுத்துக்கொண்டு, ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் அவரோடு சேர்ந்து முகம் முகமாக ஒற்றி எடுத்தாள். திட்டிக்கொண்டே இடம் விட்டார் அவர்.

மாலையில் பழைய ஷாட்டையும் புதிய ஷாட்டையும் ஒட்டி மானிட்டரில் ஓட்டினார்கள். வாக்கியம் தொடங்கியது, முடிந்தது. டைரக்டர் மறுபடி ஓட்டச் சொன்னார். காதுக்குப் பின்னால் ஒரு சுருள் கொஞ்சம் தள்ளி இருப்பதை உதவி இயக்குநர் காட்டினாள். அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் அவர். அவர் சட்டை வேர்வையில் முழுக்க நனைந்திருந்தது. போனை எடுத்து, நாளைக்கு வர வேண்டாம் என்று யாரிடமோ சொன்னார்.

அது யாரென்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஷாட்டுக்காக மறுபடி நனைத்துவிட்ட தலையோடு கூண்டில் நின்றிருந்த நாயகி டைரக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கை தானாக நெற்றிக்குப் போனது.

சீப்பக்கா அந்தக் கையில் ஒரு அடி போட்டாள்.

"தொடாத பாப்பா. இன்னும் காயல."