மாங்காய்க்குச் சுற்றிய புத்தகங்கள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் வீடு தேடி வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்மார்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் கூட்டத்தில் பேசிப் பழகாதவன். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதாக இல்லை. எழுத வைத்தது கோபம்.

மலர் அச்சிடும் பொறுப்பை எங்கள் பெரியப்பாவின் மகன், முதலமடையில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் என் அண்ணன், ஏற்றுக்கொண்டார். அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். "ஏட்டுக்கல்வி பெறாவிட்டாலும் அனுபவக் கல்வியால் குடும்பத்தைக் காத்த பொறுமையின் சின்னம்" என்று அதில் இருந்தது. நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"ஏனுங்கண்ணா, இது யாரப் பத்தி எழுதுனது?" என்று கேட்டேன்.

"சின்னம்மாளப் பத்தித்தான்டா. வேற யாரு?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்களா?"

"டே தம்பி, எல்லா மலர்லயும் இப்பிடித்தான் போடறாங்க. படிக்காத மகராசின்னு போட்டா ஒரு மரியாதையா இருக்கும். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கறே!"

மூஞ்சியைத் தூக்கத்தான் செய்தேன். அம்மா வாய்விட்டுப் படிக்க, என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டவர் இதே அண்ணன். அந்தப் பக்கத்தை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக அச்சேறியிருப்பதுதான் இது.

எங்கள் அம்மா எலப்புள்ளிப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா தம் மகனைப் படிக்க வைத்ததுபோலவே மகளையும் படிக்க வைத்தார். எட்டாம் வகுப்பு முடித்த கையோடு முதலமடைக்கு மருமகளாக வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு கட்டுப் புத்தகமும் வண்டியில் வந்ததாம். அதை இறக்கி வைத்த கணத்திலிருந்தே வீட்டின் மூத்தவரான பெரியப்பாவுக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமன், கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்தார். நோம்பி, பண்டிகைக்கு வரும்போதெல்லாம் தின்பண்டத்தோடு புத்தகமும் கொண்டுவருவார். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை அம்மா வாரம் தவறாமல் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். அவை அம்மாவுடையவை. எங்களுக்கென்று மாமா வாங்கி வந்தவை படப் புத்தகங்கள். ஏதோ குளிர் தேசத்தில் தமிழிலேயே அச்சடித்து அனுப்பியவை. தாள் தடித்து வழவழவென்று இருக்கும். எல்லாப் புத்தகங்களையும் அம்மா ஒரு கழித்துக் கட்டிய மாங்காய்ப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அலமாரி என்றால் நெல்லுக்கும் எண்ணெய்க்கும்தான்.

எழுபதுகளில் தோட்டத்துக்குக் கிளிக்காவல் போவது வீட்டுப் பெண்களின் வேலை. காய் திரளும் மாதங்களில் அம்மா என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துச் சாளைக்குப் போவார். அந்தக் குடிசை நிழலில்தான் எங்கள் படிப்பு. அண்ணனும் வருவார். காய் அடுக்கும் கொட்டகையில் வேலை செய்த வேலாத்தாவின் பிள்ளைகளும் வருவார்கள். அம்மா முதலில் எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவார்.

"என்ன நடக்குது, சொல்லு கண்ணு."

"ஒரு புள்ள பஞ்சு மேல சறுக்கிட்டுப் போகுதுங்கம்மா."

பனியை நாங்கள் பார்த்ததில்லை. இலவங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைத்தான் பார்த்திருக்கிறோம். அந்த ஊரில் இலவமரம் அதிகம் போலிருக்கிறது என்று வெகுகாலம் நம்பினோம். அம்மா அதைத் திருத்தவில்லை. "இருக்கும், இருக்கும். அப்புறம்?" என்பார். நாங்கள் சொல்லி முடித்த பிறகே கையை எடுத்துப் படிப்பார். படிக்கும்போதே கண் மரத்தின்மேல் இருக்கும். "அந்தப் புள்ள கதவத் தட்டுச்சு, சோ! சோ! பச்சக் களவாணிகளா! உள்ளேருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்தாரு" என்று கிளி விரட்டுவதும் கதைக்குள்ளேயே வந்துவிடும். என் தங்கை தன் பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொன்னபோது கிழவருக்கு முன்னால் ஒரு சோ சோ போட்டாள்.

கேரளத்துக்குள் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான் தமிழ் இருந்தது. மேலே படிக்க வேண்டுமானால் மலையாளத்தில் படிக்க வேண்டும், அல்லது வெளியூர் போக வேண்டும். என்னைக் கோயம்புத்தூரில் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்று அம்மா பெரியப்பாவிடம் நேரிலேயே கேட்டார். மற்ற மருமகள்கள் கதவுக்குப் பின்னால் நின்று பேசிய காலம் அது.

"பையன அனுப்பிப் போட்டு, தோட்டத்த ஆரு பாக்கறது? உன்ர பொஸ்தகம் பாக்குமா?" என்றார் பெரியப்பா.

"கணக்கு வழக்குத் தெரிஞ்சவன் பாத்தா இன்னும் நல்லாத்தானுங்க பாப்பான், மாமா."

பெரியப்பா பதிலைச் செயலில் சொன்னார். அந்த வாரமே, அம்மா காவலுக்குப் போயிருந்த நேரத்தில், ஆளை விட்டு அந்த மாங்காய்ப் பெட்டியைக் கொட்டகைக்குத் தூக்கிப்போகச் சொன்னார். லாரி வந்து நிற்கிறது, காய் சுற்றத் தாள் தீர்ந்துவிட்டது என்று காரணம் சொன்னார். பெரியப்பா மறைந்து வெகுகாலம் ஆகிறது. மறைந்தவரைக் குறை சொல்லலாகாது என்பீர்கள். எங்கள் அம்மாவும் மறைந்தவர்தான். அவரைப் பற்றிப் பொய் எழுதலாம், உண்மை எழுதலாகாதா?

வேலாத்தா சாளைக்கு ஓடிவந்தார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தப் படங்கள் தெரியும்.

"அம்முணி, ஓடியாங்க! உங்க பொஸ்தகத்தக் கிழிச்சுக் காய் சுத்தச் சொல்றாங்க. அந்தப் பஞ்சு ஊட்டுப் புள்ளயக்கூடக் கிழிச்சுப் போட்டாங்க!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. பெட்டிகளுக்கு ஆணி அடித்தாயிற்று. அம்மா யாரையும் பார்க்கவில்லை. ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்தார். முதல் பெட்டியின் பலகையைப் பெயர்த்தார். ஒவ்வொரு காயாக எடுத்து, சுற்றியிருந்த தாளைப் பிரித்து, காயை வைக்கோல் மேல் காம்பு நோகாமல் வைத்தார். அத்தனை கோபத்திலும் ஒரு காயையும் அவர் கீழே போடவில்லை.

"அம்முணி! ஆம்பளைங்க நிக்கற எடத்துல இது என்ன கூத்து?" என்றார் பெரியப்பா.

"நிக்கறவங்க நிக்கட்டுங்க மாமா. என்ர சாமானத்த நான் எடுத்துட்டுப் போறனுங்க. உங்க காயி இங்கயே இருக்குது."

"வெறுங் காயிதத்துக்கா இந்தப் பாடு?"

"வெறுங் காயிதம்னா நீங்க ஏனுங்க இத்தன வருசமாப் பயந்துட்டு இருந்தீங்க?"

அப்போது லாரிக்காரர், பொள்ளாச்சிக்காரர், பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, பொழுதாகுதுங்க. மாங்காயெல்லாம் படிச்சு முடிக்கற வரைக்கும் நான் காத்துட்டு இருக்கோணுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சிலரும் இருந்தீர்கள். உங்களுக்கு அது நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. என் அப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்துவிட்டார். அவர் நல்லவர், எனக்கு அவர்மேல் அன்பு உண்டு. ஆனால் அன்று அவர் கிணற்றுப் பக்கம் போயிருக்கக் கூடாது.

பெரியப்பாவின் ஆட்கள் மிச்சப் பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். அம்மா கையில் மிஞ்சியது ஒரு மடி நிறையக் கசங்கிய தாள்கள். மேற்கொண்டு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வழவழப்பான தாளில் காற்றுப் போகாது. அதில் சுற்றிய காய் வியர்த்து அழுகும். மாங்காய் வியாபாரத்திலேயே நரைத்த பெரியப்பாவுக்கு அது தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்தாரோ, ஆத்திரத்தில் மறந்தாரோ! போன பெட்டிகள் அழுகிவிட்டதாகக் காய் வாங்கிய கடைக்காரர் சொல்லியனுப்பினார். பழி யார்மேல் விழுந்தது? "பொம்பள படிச்ச தாளு, அதான் அழுகிப் போச்சு" என்றார்கள். அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்து மண்டியில் அழுகின காய்க்குப் பெயர் "படிச்ச காய்". இன்றும் அண்ணனின் மண்டியில் வேலை செய்யும் பையன்கள், "அந்தப் படிச்ச காயத் தூக்கி வெளியே போடு" என்கிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அம்மா பொறுமையின் சின்னம் அல்லர். பெரியப்பா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து முற்றத்து வெயிலில் உட்கார்ந்து, மிஞ்சிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி, கோணி ஊசியால் தைத்தார். வரிசை எதுவும் இல்லை. பனித் தேசத்துச் சிறுமி கதவைத் தட்டுவாள். அடுத்த பக்கத்தில் ஒரு தொடர்கதையின் வக்கீல் கதவைத் திறப்பார். "இதென்னங்கம்மா, இவரு எப்பிடி இங்க வந்தாரு?" என்று தங்கை கேட்டாள். "வந்துட்டாரு. ஏன் வந்தாருன்னு நீ சொல்லு பாக்கலாம்" என்றார் அம்மா. அந்தக் கோடையில் நாங்கள் மூவரும் கட்டிய கதையை எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு பார்க்கவில்லை.

நான் பள்ளிக்குப் போகவில்லை. தோட்டத்துக்குப் போனேன். ஆனால் அம்மா என்னை விடவில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானச் சோற்றுக்குப் பின் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்தால்தான் என்னை வேலைக்கு விடுவார். "பள்ளிக்கூடத்த அவங்க நிறுத்தலாம். படிக்கறத ஆரு நிறுத்தறது?" என்பார். இன்று இந்தக் கட்டுரையில் நீங்கள் பிழையில்லாமல் எதைப் படிக்கிறீர்களோ, அது அந்த மத்தியானங்களில் வந்தது.

பாகம் பிரிந்து நாங்கள் தனி வீடு கண்ட பிறகு அம்மா முதலில் வைக்கச் சொன்னது புத்தக அலமாரி. பொள்ளாச்சிக்குப் போனால் பேருந்து நிலையத்துக் கடையில் புத்தகம் வாங்காமல் வரமாட்டார். பேரப்பிள்ளைகளுக்கும் எழுத்தை மறைத்து, படத்தைக் காட்டித்தான் தொடங்கினார். கடைசி ஆண்டில் கண் மங்கிவிட்டது. பிறகு நான் படித்தேன், அவர் கேட்டார். படுக்கையில் இருந்தபோது ஒருநாள் புத்தகத்தைத் திறந்தேன்.

"மொதல்ல படத்தச் சொல்லு."

"இதுல படம் இல்லீங்கம்மா."

"இல்லீன்னா நீயே ஒண்ணச் சொல்லு."

தோட்டம், சாளை, மரத்தில் கிளிகள் என்று சொல்லிக்கொண்டு போனேன். அம்மா கண்ணை மூடியபடியே "சோ, சோ" என்றார். அந்த வாரத்திலேயே அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் சுமந்து வந்த தாய்மாமனுக்கு நன்றி. அம்மாவின் கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் தங்கைக்கும் மருத்துவருக்கும் நன்றி. வேலாத்தா இப்போது இல்லை; அவர் மகளுக்கு என் வணக்கம். அன்று கொட்டகையில் வேலாத்தா ஒரு தாளை மட்டும் காய்க்குச் சுற்றாமல் சேலை மடியில் ஒளித்து வைத்து, பிறகு அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். பனியில் சறுக்கிப் போகும் சிறுமியின் படம் அது. அவருடைய கையில் பட்டிருந்த மாங்காய்ப் பால் ஓரத்தில் பழுப்பாகப் பிடித்துக்கொண்டது. இந்த மலரின் பின்னட்டையில் இருப்பது அந்தப் படம்தான். கறையை நீக்கித் தருகிறோம் என்று அச்சகத்தார் சொன்னார்கள். இருக்கட்டும் என்றேன்.

அண்ணனுக்கும் நன்றி. நான் எழுதியதைக் கொடுத்தபோது வாங்கிப் படித்தார். "போட்டுரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மண்டியில் அந்தச் சொல்லையும் நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். நிறுத்தாவிட்டால், அழுகின காய்க்கு அழுகின காய் என்றே பெயர் என்று நானே மண்டிக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொல்வேன். நான் பேசமாட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலரின் தாள் நல்ல வழவழப்பான தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். வேண்டாமென்றால் எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். இன்னொரு தடவை எங்கள் அம்மாவை மாங்காய்க்குச் சுற்றாதீர்கள்.