பாலத்தில் முதல் கால்

ஊரிகம் தங்கச் சுரங்கத்து ஓடைமேல் புதுப் பாலம் திறந்த தை மாதத்து நாளில் என் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. இரும்புக் கைப்பிடி முழுக்கச் சாமந்தி மாலை, நல்ல வெயில். நானோ பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். புதுப் பாலம் ஓர் உயிர் கேட்கும், முதலில் மிதிக்கிறவரை ஒரு வருஷத்துக்குள் எடுத்துக்கொள்ளும் என்று சுரங்கக் கூலிக்காரர்களின் லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. வெள்ளைக்காரர் மிதித்தால் சேர்த்தியில்லையாம், நம்மில் ஒருவர்தான் வேண்டுமாம். அதனால் முதலில் ஓட்டிவிட ஓர் ஆட்டுக்கடாவைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

நாடாவை வெட்டிய துரை ஆட்டைக் கண்டதும் முகம் சுளித்தார். விரட்டச் சொன்னார். பிறகு பெரிய மனது பண்ணி, பலகை அடித்த ஆசாரியே பெண்டாட்டி பிள்ளையோடு முதலில் நடக்கட்டும் என்றார். மேஸ்திரி அதைத் தமிழில் உரக்கச் சொன்னார். அந்த ஆசாரி என் வீட்டுக்காரர். மறுத்தால் வேலை போய்விடும். பாழாய்ப்போன மரியாதை, அது எங்கள் தலையிலா விடிய வேண்டும்? நான் இறுக்கியதில் பிள்ளை வீறிட்டு அழுதது.

அப்போது என் நாத்தனார் முன்னால் வந்தாள். கல்யாணமான மறுவருஷமே தாலியறுத்து எங்களோடு இருந்தவள். "நானும் ஆசாரி வூட்டு ஆளுதாங்க. கொயந்த அயுவுது, நான் போறேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று அக்கரைக்கு நடந்தாள். துரை கை தட்டினார். நான் அவளைத் தடுக்கவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் கஷாயம், ஈரத்துணி எல்லாம் நான்தான். பார்த்தவர்கள் என்னை மெச்சினார்கள். உள்ளுக்குள் ஓடியதை யார் கண்டார்கள்? இவள் பிழைத்துவிட்டால் பாலம் அடுத்து யாரைத் தேடும், முதலில் மிதிக்க வேண்டியிருந்த என் பிள்ளையைத்தானே? அவளுக்குக் காய்ச்சல் இறங்க இறங்க எனக்கு நடுக்கம் ஏறியது. அந்தப் பிள்ளை இன்று பேரன் எடுத்துவிட்டான். எனக்கு இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் காலை அவளுக்கு நன்றாக வேர்த்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கொண்டுபோன கிண்ணத்தை நீட்டாமல், தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளையையே பார்த்து நின்றேன். அதைக் கவனித்தவள் மெல்லச் சொன்னாள்:

"பயப்படாதடி. எனக்கு வருஷம் முடிய இன்னும் மூணு மாசம் கீது. ஒம் புள்ளய அது கேக்காது."