வூடாங் மலைக்கு முருகனை அனுப்பினேன்

அடியார்களே, போன வருடம் கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் காலை, என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் கனடாவில், மொன்றியலில் எங்கள் சாமியறையில் உட்கார்ந்திருந்தேன்.

வேலை விஷயமாகச் சீனாவுக்குப் போனவர், லீவு நாளில் வூடாங் மலை ஏறப் போனார். தாவோ துறவிகள் பல நூறு வருடங்களாக வாழ்ந்து வழிபடும் மலை. வடதிசையைக் காக்கும் சாமிக்கு அங்கே மலை முழுக்கக் கோயில்கள். இறங்கியதும் போன் எடுத்துப் பேசுவதாக எழுதியிருந்தார். எடுக்கவில்லை. பக்கத்து நகரான லொங்குய்யில் என்னோடு வேலை செய்யும் லின் சீன மொழியில் விடுதிக்குப் பேசிப் பார்த்தாள். ஆள் திரும்பவில்லை, மலையில் மழை, அங்கே இரவாகி இருட்டிவிட்டது என்றார்கள்.

விரதத்துப் பாலைத் தள்ளி வைத்துவிட்டு முருகனோடு சண்டையே பிடித்தேன்.

“மலையெல்லாம் உன்ரை இடம் எண்டுதானே கும்பிடுறம்? அந்த மலையிலயும் போய் நில்லன். அவரைத் தா. வேற ஒண்டும் கேக்கமாட்டன்.”

பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“நான்தான். கால் முறிஞ்சிட்டுது. உயிரோட இருக்கிறன், அழாதை.”

பாறை ஓரத்தில் ஒரு சின்னக் கோயில். ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டவர், நம்முடைய பழக்கத்தில் வலம் வரப் போயிருக்கிறார். பின்னால் நடக்க இடமே இல்லை. வழுக்கி விழுந்து, கீழே ஒரு மரத்தில் தடைப்பட்டுக் கிடந்திருக்கிறார். போன் உடைந்துவிட்டது. கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

கோயில் பூட்ட வந்த ஒரு பெண் துறவி வாசலில் ஒரு சோடி சப்பாத்தைக் கண்டாராம். அங்கே யாரும் அப்படிக் கழற்றி வைப்பதில்லை. இந்தக் குளிரில் வெறுங்காலோடு யார் இறங்கிப் போயிருப்பார் என்று டோர்ச் எடுத்துத் தேடியிருக்கிறார். இவர் அழுது நன்றி சொன்னபோது தங்கள் சாமியின் பாதத்தைக் காட்டினாராம். அந்தச் சாமியும் வெறுங்காலோடுதான் இருக்கிறார்.

அதுவரை மற்றவர்களின் கோயிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் நான். இப்போது நின்று கும்பிடுகிறேன்.

விரதம் முடித்த அன்று அந்தத் துறவி அம்மாவுக்காக முருகன் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

“ரெண்டும் தெரியாது ஐயா.”

“அப்ப சுவாமி பேருக்குச் செய்வம், பிள்ளை.”

அங்கேயே நின்று அழுதேன். அடியார்களே, வாய்விட்டுக் கேளுங்கள். கோபத்தோடாவது கேளுங்கள். யாருடைய கையால் தரவேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.