குழிக்குள் இறங்கியவன்

இது யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கருப்பண்ணன் சாவதற்கு முந்தின மாதம், தன் வாயால், தன்னையே கேவலப்படுத்திக்கொண்டு சொன்னது இது. பொய் சொல்ல நினைத்தவன் தன்னை நல்லவனாகத்தானே காட்டிக்கொள்வான்?

1938. சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு ஊர். அதுவரை ஊரார் விளைந்த சோளத்தையெல்லாம் மந்தையோரத்தில் பதினோரு நிலக்குழிகளில் பொதுவாகக் கொட்டி, பலகைக்கல் போட்டு, களிமண் பூசி மூடிவைப்பார்கள். குழி திறப்பதும் மூடுவதும் பதினைந்து வருஷமாகக் கருப்பண்ணன் வேலை. அவனுக்கு முன்னால் அவனைப் பெற்ற அய்யன் சடையன் பார்த்த வேலை. அந்த வருஷம் கூட்டுறவுச் சொசைட்டி சிமெண்டுத் தரை, தகரக் கூரை, எலி நுழையாத கம்பிவலை எல்லாம் வைத்துப் புதுக் குடோன் கட்டியது. மணி அடிக்கும் கடிகாரம்கூட மாட்டினார்கள். சாவியை மட்டும் ராசப்பன் கையில் கொடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பையன். கையெழுத்துப் போடத் தெரியுமாம்.

கருப்பண்ணனுக்கு வயிறு எரிந்தது. ராசப்பன் இடுப்பில் அந்தச் சாவிக்கொத்து கிலுங் கிலுங் என்று ஆடும் சத்தம், சோற்றில் கை வைத்தாலும் கேட்டது. பெண்சாதி பெருமாயி வேறு, "ஏனுங்க, உங்களுக்கும் ஒரு சாவி குடுத்திருக்கலாமுங்க" என்று சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அவளோடும் பேச்சில்லை.

பத்துக் குழிகளின் சோளமும் குடோனுக்குப் போய்விட்டது. அன்று கடைசிக் குழி. பாதி சோளம் தையிலேயே எடுத்தாயிற்று, மீதிப் பாதி அடியில். கூலியாட்கள் கூழ் குடிக்கப் போயிருந்தார்கள். கருப்பண்ணன் கல்லைப் புரட்டிவிட்டு, வழக்கம்போல அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினான். மூடிக் கிடந்த குழியில் விஷக்காற்று நிற்கும். விளக்கு நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது.

விளக்கு அணைந்துவிட்டது.

மேலே இழுத்துத் திரும்பினால், பக்கத்தில் ராசப்பன் நிற்கிறான். தலையில் துண்டை முக்காடாகப் போட்டிருந்தான். முகம் தெரியவில்லை, ஆனால் அதே உடல்வாகு. கருப்பண்ணன் மனதில் ஓர் அழுக்கு எண்ணம் ஓடியது. மயங்கி விழட்டும். தூக்கிவிடலாம். பத்து நாள் படுத்தால் சாவி நம் கைக்கு வரும்...

"நின்னுது. எறங்கு" என்றான்.

வந்தவன் கயிற்றைப் பிடித்து இறங்கினான். ஆள் இறங்கினால் கயிறு விறைக்கும். அன்று விறைக்கவில்லை.

குடோன் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

விழுகிற சத்தத்துக்காகக் கருப்பண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சரக்... சரக்... சோளம் அள்ளும் சத்தம்தான் வந்தது. பிறகு குரல்.

"லாபம்."

கருப்பண்ணன் கூடைக் கயிற்றை மேலே இழுத்து, சோளத்தைப் படுதாவில் கொட்டினான். ஊரார் எல்லாரும் முதல் கூடையை 'லாபம்' என்றுதான் எண்ணுவார்கள். ராசப்பன் மட்டும் சொசைட்டிக்காரர்கள் பழக்கியபடி 'ஒன்னு' என்பான். இன்றைக்கு என்ன?

"ரெண்டு."

"மூணு."

கருப்பண்ணனுக்கு ஆத்திரம்தான் வந்தது. விஷக்காற்றுகூட இவனுக்குச் சொந்தக்காரனா? சோளம் சிவந்து தெரிந்தது. மண் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கையில் பட்டது. அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"நாலு."

"அஞ்சு."

பன்னிரண்டரைக்கு ஒற்றை மணி அடித்தது.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமாகச் சாவிச் சத்தமே கேட்கவில்லை.

கிலுங்... கிலுங்...

கேட்டது.

குழிக்குள் இருந்து அல்ல. முதுகுக்குப் பின்னால்... குடோன் பாதையில்.

ராசப்பன் வேகவேகமாக வந்துகொண்டிருந்தான். "பூட்டு தொறக்கலைங்கண்ணா, அதான் நேரமாயிப்போச்சு. வெளக்கு எறக்கிப் பாத்தீங்களா?"

கருப்பண்ணன் குழிப் பக்கம் திரும்பினான். வாய் திறக்கவில்லை.

பதில் மட்டும் வந்தது. கருப்பண்ணனின் குரலிலேயே.

கீழே இருந்து.

"நின்னுது. எறங்கு."

சொன்னது கருப்பண்ணன்தான் என்று நினைத்து, ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். ஒரு காலைக் குழிக்குள் விட்டான்.

கயிறு தானாக ஆடியது...

"எறங்காத சாமி! வெளக்கு நிக்கல!"

கருப்பண்ணன் அவனை இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்தான். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். சாவிக்கொத்து கருப்பண்ணன் நெஞ்சில் குத்தியது.

குழிக்குள் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணன்தான் உயிரைக் காப்பாற்றினார் என்று ராசப்பன் ஊரெல்லாம் சொன்னான். கருப்பண்ணன் தலையைத் தூக்கவில்லை.

மூன்றாம் நாள் விளக்கு நின்று எரிந்தது. ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது வெள்ளைச் சோளம். மேல்பரப்பு கலையவே இல்லை. ஒரு கால் தடம் கிடையாது. மேலே படுதாவில் கிடந்ததோ ஐந்து கூடை செஞ்சோளம்.

புடைக்க வந்த ராசப்பனின் தாய் அங்கம்மாள் அதில் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். ராசப்பன் வயிற்றில் இருந்தபோதே தாலியறுத்தவள். புருஷன் இதே குழியில் இறங்கி விஷக்காற்றில் போனான் என்பது ஊரறிந்த சங்கதி.

"செஞ்சோளம் இப்ப ஆரும் போடறதில்லீங்களே. இவங்கய்யன் எறங்குன வருசம் இதுதான் குழியில இருந்துது" என்றாள். பிறகு கருப்பண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கு நானும் இங்கதான் நின்னேன் சாமி. 'நின்னுது, எறங்கு'ன்னு உங்கய்யன்தான் சொன்னாரு. அவருக்கும் அப்படியே உன்ற கொரலு."